மெஷினில் வைத்தால் திரும்பவே மாட்டார்களா?

(வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுபவர் கோத்தகிரியில் குடியிருக்கும் மயக்கவியல் மருத்துவர். கொரோனாக் காலத்தில் மலையிலும் கோவையிலும் ஐ.சி.யூ. பணியில் இருந்தவர்.)

கேள்வி: டாக்டர் அம்மா, 2021 மே மாதம் அப்பாவைக் கொரோனாவுக்குப் பறிகொடுத்தோம். வயது 61. மாஸ்கில் 15 லிட்டர் ஆக்சிஜன் ஓடியும் சாச்சுரேஷன் 80ஐத் தாண்டவில்லை. பேச முடியாமல் கைஜாடைதான் காட்டினார். வென்டிலேட்டர் வைக்க வேண்டும் என்று ராத்திரியில் சொன்னார்கள். அண்ணன் ஊரில் இல்லாததால் நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார். "மெஷினில் வைத்ததால்தான் செத்தார். வைத்தால் நூற்றுக்கு 88 பேர் பிழைப்பதில்லை என்று அப்போதே பேப்பரில் வந்ததே. எஸ்.பி.பி.யே திரும்பவில்லையே" என்று சித்தப்பா இன்றைக்கும் நாலு பேர் முன்னால் சொல்கிறார். நான் கையெழுத்துப் போட்டது தப்பா?
– ஒரு வாசகி, அரவேணு

பதில்: தப்பே இல்லை, அம்மா. நீளமான கடிதத்தில் நீங்கள் கேட்டிருப்பது இந்த ஒன்றைத்தான் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எழுதியிருக்கும் நிலைமை எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தக் கட்டத்தில் மூச்சு விடுவதற்கே உடம்பின் தெம்பெல்லாம் செலவாகிவிடும். விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுக்கும், கழுத்துத் தசை புடைக்கும். நெற்றியில் வியர்வை கொட்டும், கண் மட்டும் சுற்றியிருப்பவர்களைத் தேடிக்கொண்டே இருக்கும். அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் மார்புத் தசை சோர்ந்து மூச்சு அடங்கிவிடும். வென்டிலேட்டர் வேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருந்தால் அப்பாவுக்கு அந்த ஒன்பது நாள் கிடைத்திருக்காது. பெரும்பாலும் மறுநாள் ராத்திரியே கிடைத்திருக்காது.

அடுத்து அந்த 88. இது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், சித்தப்பாவிடம் அப்படியே வாசித்துக் காட்டுங்கள். 2020 மார்ச் 1 முதல் ஏப்ரல் 4 வரை நியூயார்க் வட்டாரத்தில் 12 மருத்துவமனைகளில் சேர்ந்த 5,700 கொரோனா நோயாளிகளைப் பற்றி ஜாமா என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அவர்களில் வென்டிலேட்டர் தேவைப்பட்டவர்கள் 1,151 பேர். கணக்கை முடித்த அன்று 282 பேர் இறந்திருந்தார்கள், 38 பேர் வீடு திரும்பியிருந்தார்கள். மீதி 831 பேர் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் இருந்தார்கள். இந்த 831 பேரையும் ஒதுக்கிவிட்டு, இறந்தவரையும் வீடு போனவரையும் மட்டும் கூட்டினால் 320. அந்த 320ல் 282 பேர் என்றால் 88 சதவீதம். அந்த எண்தான் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. சில நாட்களில் ஜாமாவே கணக்கைத் திருத்தி, 1,151 பேரில் 24.5 சதவீதம் இறந்தார்கள், 72.2 சதவீதம் இன்னும் சிகிச்சையில் இருக்கிறார்கள் என்று போட்டது. திருத்தம் எந்த வீட்டு வாட்ஸ்அப்புக்கும் வந்து சேரவில்லை.

இந்த நோயில் இறப்பவர் சீக்கிரம் இறந்துவிடுகிறார். பிழைப்பவர் மெஷினிலிருந்து இறங்கவே இரண்டு வாரம், மூன்று வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. பாதியில் நின்று எண்ணினால் சாவுதான் கணக்கில் ஏறும்.

அதே 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் மூன்று மருத்துவமனைகளில் 165 பேர் வென்டிலேட்டரில் இருந்தார்கள். அங்கே இறந்தவர்கள் 59 பேர், அதாவது 35.7 சதவீதம். பிற்பாடு பல நாடுகளின் 69 ஆய்வுகளை, 57,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி 45 சதவீதம் என்று வந்தது. அதிலும் வயது வாரியாகப் பிரித்துச் சொன்ன ஆய்வுகளில் (அவற்றில் மொத்த இறப்பே இந்தச் சராசரியைவிட அதிகம்) 40 வயதுக்குட்பட்டவர்களில் 47.9 சதவீதமும் 80ஐத் தாண்டியவர்களில் 84.4 சதவீதமும் இறந்திருந்தார்கள். சின்ன எண்கள் இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் "யாருமே திரும்பவில்லை" என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். 61 வயதில் உங்கள் அப்பாவுக்குப் பிழைக்க வழி இருந்தது. நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்தது அந்த வழியைத்தான்.

வென்டிலேட்டர் கொரோனாவைக் குணப்படுத்தாது. நம் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் ஒரு ஓரமாக வண்டிகளை விடுவார்களே, அந்த ஓரப் பாதையால் சரிவு சீராகிவிடுமா? ஜே.சி.பி. வந்து மண்ணை அள்ளும்வரை காய்கறியும் பாலும் மலைக்கு வந்துசேர அது உதவும். நுரையீரல் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும்வரை உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச்சேர வைப்பதுதான் மெஷினின் வேலை. சிலருக்கு நுரையீரல் தேறியது, சிலருக்குத் தேறவே இல்லை.

ஒரே மெஷின், ஒரே நோய், ஆனால் ஓரிடத்தில் 36, இன்னோரிடத்தில் அதைவிட எவ்வளவோ அதிகம் என்றால் வித்தியாசம் எங்கே? நான் கண்ட வரையில் கட்டிலைச் சுற்றி நிற்கும் ஆட்களில். கோவையில் எங்கள் வார்டுக்குக் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா வந்தார். உயரம் ஐந்தடிதான். அந்த உயரத்துக்கு ஒரு மூச்சுக்கு சுமார் 270 மில்லி காற்றுதான் கொடுக்க வேண்டும். ஆள் குண்டா ஒல்லியா என்று பார்க்கக்கூடாது, உயரத்தை அளந்துதான் கணக்குப் போட வேண்டும். கூட்டிக் கொடுத்தால் புண்பட்ட நுரையீரல் மேலும் கிழியும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், காற்றின் அளவை, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மில்லியிலிருந்து 6 மில்லியாகக் குறைத்ததில் மட்டுமே இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாக இறங்கியது.

அதற்கும் சாச்சுரேஷன் ஏறாததால் அவரைக் குப்புறப் போட்டோம். கேட்கச் சுலபமாக இருக்கும். தலைமாட்டில் நான், ஒரு கையில் டியூப், இன்னொரு கையில் அவருடைய தாடை. பக்கத்துக்கு இரண்டு பேர், கால்மாட்டில் ஒருவர். கண் இமை திறந்துகொள்ளாமல் களிம்பு தடவிப் பிளாஸ்திரி ஒட்டியாக வேண்டும். மார்புக்கும் இடுப்புக்கும் அடியில் தலையணை, வயிறு தொங்கலாக. முதலில் ஒருக்களித்து நிறுத்தி, டியூபும் ஊசி வழிகளும் இழுபடவில்லை என்று எல்லாரும் குரல் கொடுத்த பிறகுதான் முழுக்கத் திருப்ப வேண்டும். பி.பி.இ. உடைக்குள் வியர்வை கண்ணில் இறங்கும், துடைக்க முடியாது. அப்படியே 16 மணி நேரம். நடுநடுவே ஸ்டாஃப் நர்ஸ் வந்து முகத்தை மறுபக்கம் திருப்பி, கன்னத்தில் புண் வந்திருக்கிறதா பார்த்து, சளியை உறிஞ்சி எடுப்பார். பிரான்ஸ் மருத்துவர்கள் 2013ல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் குப்புறப்போடும் முறை ஒன்றே இறப்பை 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதத்துக்குக் கொண்டு வந்திருந்தது. அது கொரோனாவுக்கு முந்தைய நோயாளிகள், ஆனால் நுரையீரல் கெடும் விதம் கிட்டத்தட்ட அதேதான். அந்த அம்மா பிழைத்து ஊர் திரும்பினார். அதே வாரம், அதே கவனிப்பில், அவரைவிட இளையவர் ஒருவரை இழந்தோம். இரண்டுக்கும் நடுவில் யாருடைய கையெழுத்தும் காரணமாக இல்லை.

எஸ்.பி.பி. விஷயம். 2020 ஆகஸ்ட் 5ஆம் தேதி சேர்க்கப்பட்டார். வென்டிலேட்டர், ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ எல்லாம் வைத்துப் பார்த்தும் செப்டம்பர் 25ஆம் தேதி நம்மை விட்டுப் போனார். அவருக்கு வயது 74. அந்தச் சாவைத் தமிழ்நாடே தன் வீட்டுச் சாவாக அழுதது. மெஷினிலிருந்து இறங்கி, படகர் ஊர்களான ஹட்டிக்கும் எஸ்டேட் லைனுக்கும் திரும்பிப் போனவர்களைப் பற்றி எந்த டி.வி.யும் சொல்லவில்லை. அதனால்தான் சித்தப்பாவுக்கு ஒரு பக்கம் மட்டும் தெரிகிறது. அவரும் கூடப் பிறந்தவரை இழந்தவர்தான். கோபித்துக்கொள்ளாமல், இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுங்கள்.

கேள்வி: மேடம், நான் ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறேன். அலைகளின்போது ஊட்டியிலிருந்து டியூப் போட்ட நோயாளிகளைக் கோவைக்கு இறக்கியிருக்கிறேன். கிளம்பும்போது எல்லாம் சரியாக இருக்கும். குன்னூர் தாண்டிக் காட்டேரி, பர்லியார் என்று இறங்க இறங்க வாய்ப்பக்கம் காற்றுக் கசியும் சத்தம் கேட்கும். டியூப் நழுவிவிட்டதோ என்று பயந்து வண்டியை ஓரம் கட்டுவோம். அது எதனால்?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: தம்பி, நல்ல காது உங்களுக்கு. டியூபின் நுனியில் மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் குட்டிப் பலூன், நாம் கஃப் என்று சொல்வது, மலைக் காற்றால் ஊதப்பட்டது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். மேட்டுப்பாளையம் நோக்கி இறங்க இறங்க வெளி அழுத்தம் கூடும், பலூனுக்குள் இருக்கும் காற்று சுருங்கும். மூச்சுக்குழாய்ச் சுவரோடு ஒட்டியிருந்தது விலகும், மெஷின் தள்ளும் காற்று பக்கவாட்டில் தப்பி வாய் வழியாக வந்துவிடும். டியூப் அதே இடத்தில்தான் இருக்கும்.

வண்டியில் செய்ய வேண்டியது இதுதான். முதலில் பல் வரிசையில் டியூபின் எண்ணைப் பாருங்கள். ஏற்றும்போது குறித்து வைத்த அதே எண் இருக்கிறதா? இரண்டு பக்க மார்பும் ஒன்றாக ஏறி இறங்குகிறதா? இரண்டும் சரி என்றால் கஃப் அழுத்தத்தை அளந்து, 20க்கும் 30க்கும் நடுவில் நிற்கும்படி கொஞ்சம் காற்று ஏற்றுங்கள். சென்டிமீட்டர் நீர் என்ற அளவில் சொல்கிறேன். கீழே டியூப் போட்டு மேலே கொண்டு வருகிறீர்கள் என்றால் நேர்மாறு. பலூன் உப்பிக்கொண்டு மூச்சுக்குழாய்ச் சுவரை அழுத்தும், அப்போது காற்றை எடுக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் இதை விமானத்தில் நோயாளியைக் கொண்டுபோகும் அத்தியாயத்தில் எழுதியிருப்பார்கள். நம் மலைப்பாதையும் இரண்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் உயரம் இறங்குகிறது என்பதால் நமக்கும் அது பொருந்தும். குன்னூரில் ஒரு தடவை, கல்லாறில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஆக்சிஜன் கணக்கை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் டியூபை விடச் சிலிண்டர்தான் எனக்குப் பயம் தந்தது. பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 150 நிமிடம். 15 லிட்டர் என்றால் 100 நிமிடம்தான். ஊட்டியிலிருந்து கோவைக்கு மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டால் 15 லிட்டருக்கு 2,700 லிட்டர் வேண்டும். இரண்டு சிலிண்டர் மட்டுமட்டாக வரும். கல்லாறு பக்கம் யானை ரோட்டில் நின்றாலோ, மூடுபனியில் வண்டி ஊர்ந்தாலோ என்ன செய்வது? கணக்குப் போட்டதைப் போல இரண்டு மடங்கு இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது. கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் ஆம்பு பேக் கை எட்டும் இடத்தில் தொங்க வேண்டும், பெட்டிக்குள் இருக்கக் கூடாது.

அந்த ஆம்பு பேக்கைப் பற்றி ஒன்று சொல்ல ஆசை. 1952ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசை செயலிழந்தவர்களில் முதல் சில வாரங்களில் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். என்னைப் போல மயக்கவியல் மருத்துவர் ஒருவர், பியோர்ன் இப்சென், கழுத்தில் துளையிட்டு டியூப் போட்டு, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கலாம் என்று செய்து காட்டினார். அத்தனை பேருக்கும் மெஷின் ஏது? மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு, வாரக்கணக்கில், இரவும் பகலும் பையை அமுக்கினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய ஐ.சி.யூ. என்ற அறையே அங்கிருந்துதான் வந்தது. மெஷினில் பேட்டரி தீர்ந்து, மரப்பாலம் தொடங்கி மேட்டுப்பாளையம் வரை பையை அமுக்கிக்கொண்டே வந்த உங்கள் துறைத் தம்பிகளை எனக்குத் தெரியும். அதே வேலைதான் தம்பி அது.

கேள்வி: ரெம்டெசிவிர் ஊசிக்காக நகையை அடகு வைத்தோம். கீழ்ப்பாக்கத்தில் என் தம்பி ராத்திரி பூரா வரிசையில் நின்றான். ஊசி கைக்கு வருவதற்குள் மாமா வென்டிலேட்டருக்குப் போய்விட்டார், பிறகு இறந்தும் போனார். நேரத்தில் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா?
– ஒரு வாசகி, வெலிங்டன்

பதில்: வென்டிலேட்டருக்குப் போன பிறகு ரெம்டெசிவிர் உயிரைக் காப்பாற்றுவதாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய சாலிடாரிட்டி ஆய்வில் அது தெளிவாகவே வந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களுக்குச் சிறிதளவு பலன் இருந்தது, அவ்வளவுதான். ஊசி தாமதமானதால் மாமா இறந்தார் என்று நினைக்க வேண்டாம். உங்கள் தம்பி அந்த வரிசையில் நின்றதை எண்ணி வருந்தவும் வேண்டாம், அன்றைக்கு யார் சொன்னாலும் யாரும் நின்றிருப்போம்.

பலன் தந்த மருந்து எது தெரியுமா? டெக்ஸாமெத்தசோன். எந்த மெடிக்கல் ஷாப்பிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய ஸ்டெராய்டு. 2020 ஜூன் 16ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரெக்கவரி ஆய்வுக்குழு அறிவித்தது: தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளில் இறந்தவர்கள் 41.4 சதவீதமாக இருந்தது 29.3ஆகக் குறைந்தது. ஆக்சிஜனில் இருந்தவர்களிடம் 26.2லிருந்து 23.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. இந்தக் கடைசி வரியை நம் ஊரில் பலரும் கேட்டுக்கொள்ளவில்லை. காய்ச்சல் வந்த மூன்றாம் நாளே வீட்டில் ஸ்டெராய்டு விழுங்கி, சர்க்கரை எகிறி, கருப்புப் பூஞ்சை வரை போனவர்கள் உண்டு. இன்றைக்கும் சளி, இருமலுக்கு யாராவது அந்தச் சின்ன மாத்திரையை நீட்டினால் வாங்காதீர்கள்.

கேள்வி: என் பல்ஸ் ஆக்சிமீட்டரில் எப்போதும் 94தான் வருகிறது. சென்னையில் இருக்கும் மகள் போனில் கேட்டுவிட்டு உடனே அட்மிட் ஆகச் சொல்கிறாள். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.
– ஒரு வாசகர், லவ்டேல்

பதில்: ஐயா, சென்னைக்காரரின் 98ஐ உங்களிடம் தேட வேண்டாம். லவ்டேல் உயரத்தில் நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே 93, 94, 95 என்று வருவது சகஜம். நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை ஐ.சி.யூ.வில் கணக்கிடும்போதுகூட, 1,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர்களுக்குக் காற்றழுத்தத்தை வைத்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி. நன்றாக இருக்கும் நாளில் உங்கள் எண் என்ன என்று காலண்டரில் எழுதி வையுங்கள். காய்ச்சல், இருமல் வரும்போது அதிலிருந்து மூன்று, நான்கு இறங்கினாலோ, வீட்டுக்குள் ஆறு நிமிடம் நடந்த பிறகு இறங்கினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விரல் ஜில்லென்று இருந்தால் எண் பொய்யாகக் குறையும். இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். மாநிறமும் கறுப்புமான தோலில் இந்தக் கருவி சில சமயம் உண்மையைவிடக் கூடுதலாகவும் காட்டும். மூச்சு வாங்குகிறது, ஆனால் எண் நன்றாக இருக்கிறது என்றால் மூச்சை நம்புங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் 2021ல் மூன்று வாரத்துக்கு மேல் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்தவர். கழுத்தில் துளை போட்டு எடுத்தார்கள். ஆண்டவன் புண்ணியம், உயிரோடு இருக்கிறார். ஆனால் பழைய ஆள் இல்லை. மறதி. ராத்திரியில் திடுக்கிட்டு எழுகிறார். வீட்டுக்கு ஏறும் படியில் பாதியில் நின்றுவிடுகிறார். கொஞ்ச நாளாக ஏறும்போது தொண்டையில் விசில் மாதிரி சத்தம் வருகிறது. வயசாகிறது என்கிறார்கள். 52 வயசு எல்லாம் ஒரு வயசா?
– ஒரு வாசகி, பண்ணைக்காடு, கொடைக்கானல்

பதில்: அந்த விசில் சத்தத்தை இந்த வாரமே காட்டுங்கள், அம்மா. மற்றதெல்லாம் பிறகு. டியூபும் கழுத்துத் துளையும் நீண்ட நாள் இருந்த இடத்தில் மூச்சுக்குழாய் தழும்பாகிச் சுருங்கிப்போவது உண்டு. மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கும். இளைப்பு என்று நினைத்து இன்ஹேலர் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், கேட்காது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் "மூன்று வாரம் வென்டிலேட்டரில் இருந்தார், டிரக்கியாஸ்டமி செய்தார்கள்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கேமரா விட்டுப் பார்ப்பார்கள். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ பார்த்துவிடலாம். உட்கார்ந்திருக்கும்போதே சத்தம் வந்தால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.

படியில் நிற்பதற்கு நுரையீரல் மட்டும் காரணமாக இருக்காது. ஐ.சி.யூ.வில் படுத்த பத்து நாளுக்குள் தொடைத் தசையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது என்று லண்டனில் அளந்து பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரம் படுத்தவருக்கு எவ்வளவு போயிருக்கும்! போன சதை தானாக வராது. மலைக்காரர்களாகிய நமக்கு வாசலை விட்டு இறங்கினாலே ஏற்றம்தான், அதனால் பலரும் வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள். தொண்டையைப் பார்த்து டாக்டர் சரி என்ற பிறகு தொடங்குங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரட்டும், முடிந்த அளவு, காலையும் மாலையும். பிறகு சமதரையில் நடை. படி அதற்குப் பிறகு. முட்டை, பயறு, கொண்டைக்கடலை ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும்.

திடுக்கிட்டு எழுவதைப் பற்றி அவரிடம் ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மெஷினில் இருக்கும்போது மயக்க மருந்தும் ஜுரமும் ஆக்சிஜன் குறைவும் சேர்ந்து மூளை பயங்கரமான காட்சிகளைக் காட்டும். கையைக் கட்டியிருப்பார்கள், டியூபைப் பிடுங்கிவிடக் கூடாதே என்று. அது அவருக்குக் கடத்திக்கொண்டு போய்க் கட்டிப்போட்டதாகப் பதிந்திருக்கும். எங்கள் நோயாளி ஒருவர், நர்ஸுகளெல்லாம் தன்னைக் கடலில் தள்ளப் பார்த்தார்கள் என்று டிஸ்சார்ஜ் ஆகி வெகுகாலம் கழித்துத்தான் வாய் திறந்தார். பைத்தியம் என்று நினைப்பார்களோ என்ற பயத்தில் சொல்லவில்லை. அன்றன்றைக்கு என்ன நடந்தது, எந்த நாள் டியூப் போட்டார்கள், எந்த நாள் கண் திறந்தார் என்று தேதிவாரியாக அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள், போனில் பழைய மெசேஜ் இருந்தால் காட்டுங்கள். தூக்கம் கெடுவது தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இது ஐ.சி.யூ.வில் இருந்து வந்தவர்களுக்கு வரும் நோய், அதற்குப் பெயரும் உண்டு, வைத்தியமும் உண்டு. உங்களுக்கும் தூக்கம் போயிருந்தால் உங்களையும் சேர்த்துக் காட்டுங்கள்.

கேள்வி: வயது 79. டீ ஃபேக்டரியில் தூசிக்குள்ளேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். நுரையீரல் பாதி போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி எந்தக் காய்ச்சல் வந்தாலும் என்னை மெஷினில் வைக்கக் கூடாது. பிள்ளைகள் கேட்க மாட்டேன் என்கிறார்கள். எழுதி வைத்தால் செல்லுமா?
– ஒரு வாசகர், கட்டபெட்டு

பதில்: செல்லும், ஐயா. சுப்ரீம் கோர்ட் 2018 மார்ச் 9ஆம் தேதி இதற்கு வழி செய்தது. முதலில் மாஜிஸ்திரேட் வரை போக வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஸட்டட் ஆபீசரிடமோ அத்தாட்சி வாங்கினால் போதும். உங்களால் பேச முடியாத நிலையில் உங்கள் சார்பில் முடிவு சொல்ல வேண்டியவர் பெயரையும் அதில் எழுத வேண்டும்.

எழுதும் முன் உங்கள் நுரையீரலைத் தெரிந்த டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எதை வேண்டாம் என்கிறீர்கள் என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மாஸ்கில் ஆக்சிஜன், மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் தரும் ஹை ஃப்ளோ, இறுக்கமான மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் பைபேப் மெஷின் இவையெல்லாம் டியூப் இல்லாமல் செய்வது. உங்களைப் போன்ற நுரையீரல் உள்ளவர்களுக்குப் பைபேப் பல தடவை கைகொடுத்திருக்கிறது. "மெஷின் வேண்டாம்" என்று மொட்டையாக எழுதினால் அதையும் சேர்த்து மறுத்ததாக ஆகிவிடும். டியூப் போட்டு நாலைந்து நாள் பார்ப்போம், தேறும் குறி இல்லை என்றால் எடுத்துவிடுங்கள் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். எது உங்கள் விருப்பமோ அது. மூச்சுத் திணறலைத் தணிக்கும் மருந்தும் யாராவது பக்கத்தில் இருப்பதும் எல்லா நிலையிலும் வேண்டும் என்று தவறாமல் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஐ.சி.யூ. வாசலில் நிற்கும்போது அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான் வருஷக்கணக்கில் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். கையெழுத்தான பிரதி ஒன்று பெயர் குறித்த பிள்ளையிடம், ஒன்று உங்கள் டாக்டரிடம், ஒன்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எடுக்கும் பையில், ரேஷன் கார்டு நகலோடு.